ஹெச்3-ல் நின்ற சிப்பாய்

என் ஜெராக்ஸ் கடை மேஜை டிராயரில் ஒரு செஸ் ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட், அதாவது மூவ்களை எழுதும் தாள், கிடக்கிறது. மேல் தாள் நடுவரிடம் போய்விட்டது. இது அடியில் இருந்த கார்பன் நகல், பாதி எழுத்து மங்கிவிட்டது. ஐந்தாவது வரியில் ஹெச்3 என்று இருப்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. ஹெச் வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் வைத்தேன், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆட்டம் மூன்று இடத்தில் திரும்பியது, மூன்றிலும் அந்தச் சிப்பாய்க்குப் பங்கு உண்டு. அதை நான் புரிந்துகொண்டது ஆட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்து.

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. பள்ளியில் ஆடியதோடு விட்டிருந்தேன். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ சுவருக்குச் சுவர் கைகூப்பிக்கொண்டு நின்றதே, அந்தச் சூட்டில் மறுபடி பலகையைத் தூசி தட்டியவர்களில் நானும் ஒருவன். சர்வதேசச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே, ஆட்டத் திறமைக்குக் கொடுக்கும் ரேட்டிங் எண் எனக்கு 1290 ஆக இருந்தது. 2024 மார்ச்சில் ஃபிடே குறைந்தபட்ச ரேட்டிங்கை 1400 ஆக்கி, 2000-க்குக் கீழே இருந்த எல்லோருக்கும் ஒரு கணக்குப் போட்டு ஏற்றிவிட்டது. ஒரே இரவில் 1574. தூங்கி எழுந்ததைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை.

அப்படி ஏறிய ரேட்டிங்கை வைத்துக்கொண்டு ஒரு வார இறுதிப் போட்டிக்குப் போனேன். மூன்று நாள், ஆறு சுற்று, ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு மூவுக்கும் 30 விநாடி கூடுதல். இடம் ஒரு கல்யாண மண்டபம். மணமேடையில் முதல் பத்துப் பலகைகள். மணமகன் அறை என்று எழுதிய கதவுக்குப் பின்னால் நடுவர்கள். நான்காவது சுற்றில் எனக்கு வாய்த்தவனுக்குப் பத்து வயது இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. எட்டாத காலை ஆட்டிக்கொண்டே இருந்தான், அந்த ஆட்டத்தில் மடக்கு மேஜை லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. இந்த நடுக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கையருகே பலகை இருந்தால் அடுக்கிக்கொண்டு படிக்கலாம். வெள்ளைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ முதல் ஹெச் வரை, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை; இரண்டும் சேர்ந்தால் ஒரு கட்டத்தின் பெயர். எங்கள் ஊர் வழக்கப்படி குறுக்கே போவது மந்திரி, மூலையில் நிற்பது யானை.

எனக்கு வெள்ளைக் காய். இ4, இ5. குதிரை எஃப்3, குதிரை சி6. மந்திரியை சி4-க்குக் கொண்டுபோனேன், அவன் டி6. நான் இன்னொரு குதிரையை சி3-ல் வைத்தேன். அவன் மந்திரியை ஜி4-க்கு நீட்டி என் எஃப்3 குதிரையைக் கட்டிப்போட்டான். குதிரை நகர்ந்தால் பின்னால் நிற்கும் என் ராணி போய்விடும்.

இந்த இடத்தில் எனக்குக் கை அரித்தது. ‘லெகால் மேட்’ என்று ஒரு பழைய பொறி உண்டு. 18-ம் நூற்றாண்டில் பாரிஸ் காபிக் கடையில் ஆடிக்கொண்டிருந்த லெகால் என்பவரின் பெயரில் வழங்குவது. அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரரான பிலிடோருக்குச் செஸ் சொல்லிக்கொடுத்தவர் அவர். பொறி இதுதான்: கட்டிப்போட்ட குதிரையையே எடுத்து இ5 சிப்பாயை வெட்டுவது. எதிராளி ஆசைப்பட்டு ராணியை வெட்டினால், சி4 மந்திரி எஃப்7-ல் வெட்டி செக், ராஜா இ7-க்கு வந்தாக வேண்டும், சி3 குதிரை டி5-ல் இறங்கினால் மேட்.

ஆனால் அவன் குதிரை சி6-ல் இருக்கும்போது இதை உடனே செய்தால் அடி நமக்குத்தான். அவன் ராணியைத் தொடவே மாட்டான். சி6 குதிரையால் என் குதிரையை வெட்டுவான். அந்தக் குதிரை இ5-ல் நின்றுகொண்டு ஜி4 மந்திரிக்கும் காவல் கொடுத்துவிடும், எனக்கு ஒரு குதிரை நஷ்டம். வீடியோ பார்த்துப் பொறி கற்றுக்கொண்டவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். நானும் இரண்டு தடவை விழுந்திருக்கிறேன். அதனால்தான் முதலில் ஹெச்3. மந்திரியை ‘போ’ என்று தள்ளினேன். அவன் ஹெச்5-க்குப் பின்வாங்கினான். இ5-க்கு வரும் குதிரையால் ஹெச்5-ஐக் காக்க முடியாது. ஒரு கட்ட வித்தியாசம், பொறி செல்லுபடியாகிவிட்டது.

குதிரையால் இ5-ஐ வெட்டினேன். பையன் ஒரு நிமிடம் யோசித்தான், அந்த ஆட்டத்தில் அவன் அதிகம் யோசித்ததே அதுதான். என் ராணியை அவன் வெட்டவில்லை, குதிரையால் குதிரையை வெட்டினான். சரி, பயிற்சி இருக்கிறது. நான் ராணியால் ஹெச்5 மந்திரியை எடுத்தேன், அவன் குதிரையால் சி4 மந்திரியை எடுத்தான். ராணி பி5, செக். அந்த ஒரே செக் ராஜாவையும் சி4 குதிரையையும் சேர்த்துக் கேட்டது. அவன் சி6 போட்டு செக்கை மறைக்க, நான் குதிரையை எடுத்தேன். எல்லாக் காயும் மாறிக் கணக்குத் தீர்ந்தபோது எனக்கு ஒரு சிப்பாய் லாபம்.

ஒரு சிப்பாய்தான். ஆனால் மனசுக்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. எழுந்து போய் டீ குடித்தேன். முதல் பலகையில் யார் ஜெயிக்கிறார்கள் என்று மணமேடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தேன். வீட்டுக்கு ‘நல்லா போகுது’ என்று சொல்லலாமென்றால் போன் நடுவர் அறையில். திரும்பி வந்தபோது என் கடிகாரத்தில் பதினொரு நிமிடம் குறைந்திருந்தது. அவன் மூவ் போட்டுவிட்டு டீ முடியும்வரை காத்திருந்திருக்கிறான். அந்தப் பதினொரு நிமிடம் எனக்குக் கடைசியில் எவ்வளவு தேவைப்பட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம் அவன் இன்னொரு குதிரையை எஃப்6-லும் மந்திரியை இ7-லும் வைத்தான். இருவரும் கேஸ்லிங் செய்து ராஜாவை ஓரமாக ஒதுக்கினோம். நான் டி3, மந்திரி இ3. அவன் டி5 தள்ளினான். நான் வெட்ட, அவன் சி6 சிப்பாயால் திரும்ப வெட்டினான். என் ராணிக்கு மிரட்டல், அதை பி3-க்கு எடுத்துப்போனேன். அங்கிருந்து பி7 சிப்பாய்க்கும் குறி, டி5 சிப்பாய்க்கும் குறி. அவன் இரண்டையும் காப்பாற்ற முயலவே இல்லை. இ7-ல் இருந்த மந்திரியை டி6-க்கு நகர்த்தி வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான்.

நான் விரல் விட்டு எண்ணினேன். டி5-ஐ என் பக்கம் குறிவைப்பது சி3 குதிரை, பி3 ராணி, ஆக இரண்டு. அவன் பக்கம் காப்பது எஃப்6 குதிரை ஒன்றுதான். டி8-ல் அவன் ராணி இருந்தாலும் அவனே மந்திரியை டி6-ல் வைத்து வழியை அடைத்துக்கொண்டான். இரண்டுக்கு ஒன்று, வெட்டலாம். பையன்தானே, எண்ணத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

குதிரையால் டி5-ஐ வெட்டினேன். அவன் உடனே குதிரையால் திரும்ப வெட்டினான். நான் ராணியை எடுக்கக் கை வைத்தேன்.

மேஜை நடுக்கம் நின்றது.

முகத்தில் எதையும் காட்டாதே என்று அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், முகம் கல் மாதிரி இருந்தது. காலுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. விரல் ராணியின் தலையில் இருக்க, ஏன் இவன் ஆடாமல் இருக்கிறான் என்று மேஜைக்குக் கீழே பார்ப்பது போல் பலகையைப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. நான் டி5-ல் ராணியால் வெட்டினால், அவன் மந்திரி டி6-லிருந்து ஹெச்2-க்குப் பாயும், செக். ராஜா வெட்டினாலும் சரி, மூலைக்கு ஓடினாலும் சரி, மந்திரி விலகியதும் டி வரிசை திறந்துவிடும். டி8 ராணி நேராக வந்து டி5-ல் காவல் இல்லாமல் நிற்கும் என் ராணியை எடுத்துவிடும். ஒரு சிப்பாய்க்கும் மந்திரிக்குமாக ராணி.

ஹெச்2 ஏன் காலியாக இருக்கிறது? அங்கே நிற்க வேண்டிய சிப்பாயை ஐந்தாவது மூவில் நானே ஹெச்3-க்கு அனுப்பிவிட்டேன். முதல் பொறிக்குக் கதவு திறந்த அதே மூவ்.

கணக்கு தப்பவில்லை, கணக்குப் போட்ட விதம் தப்பு. வெட்டுகிற காய்களை எண்ணினேன், காக்கிற காய்களை எண்ணினேன். அடைத்து நிற்கும் காய் செக் வைத்துக்கொண்டே விலக முடியுமா என்று பார்க்கவில்லை. இன்று ஒரு சிப்பாய் சும்மா கிடப்பதைப் பார்த்தால் முதலில் அவனுடைய செக்குகளை எல்லாம் தேடுகிறேன், முட்டாள்தனமாகத் தெரிகிற செக் உட்பட. அதற்குப் பிறகுதான் எண்ணிக்கை. முன்பெல்லாம் மூவை ஸ்கோர் ஷீட்டில் எழுதிவிட்டு, ஒரு தரம் பலகையைப் பார்த்துவிட்டு ஆடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் இப்போதைய விதிப்படி ஆடிய பிறகுதான் எழுத வேண்டும். அதனால் நான் கண்டுபிடித்த மாற்று, முடிவெடுக்கும்வரை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வது. அன்றைக்குக் கை வெளியே இருந்தது.

தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். நிறையப் பேர் இங்கே ஒரு விஷயத்தைத் தப்பாக நினைக்கிறார்கள். பதற்றத்தில் நானும் அரை நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். ராணியைத் தொட்டதால் டி5-ஐ வெட்ட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. என் காயைத் தொட்டால் அந்தக் காயை எங்காவது நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். எதிராளியின் காயையும் சேர்த்துத் தொட்டிருந்தால் கதை வேறு. அதனால் ராணியிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்தேன். குதிரை போனது போனதுதான். ராணிக்குப் பாதுகாப்பான இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பி7 கண்ணில் பட்டது.

ராணியால் பி7 சிப்பாயை வெட்டினேன். அங்கிருந்து டி5 குதிரையின் மேல் இன்னும் பார்வை இருக்கிறது. அவன் குதிரையைக் காப்பாற்ற என் இ3 மந்திரியை வெட்டினான், நான் எஃப்2 சிப்பாயால் திரும்ப வெட்டினேன். இப்போது எண்ணிப் பார்த்தால், ஒரு குதிரைக்கு மூன்று சிப்பாய். கணக்குப்படி சமம். மேஜை மறுபடி நடுங்க ஆரம்பித்தது, இந்த முறை கொஞ்சம் கோபமாக.

நடுவில் ஒரு இருபது மூவ் சொல்லும்படி இல்லை. ராணிகள் மாறின. நான் யானையால் அவனுடைய ஏ7 சிப்பாயைச் சாப்பிட்டேன், அவன் என் இரண்டு சிப்பாயைச் சாப்பிட்டான். ஒரு ஜோடி யானை போனது. என்னிடம் ஒரு யானையும் ஐந்து சிப்பாயும். அவனிடம் ஒரு யானை, கறுப்புக் கட்ட மந்திரி, எஃப் ஜி ஹெச் வரிசைகளில் மூன்று சிப்பாய். என் ஏ சிப்பாய் ஏ6 வரை போய்விட்டது. யானையை அதற்குப் பின்னால் நிறுத்திவிட்டுப் பொறுமையாக இருந்திருந்தால் திணற வேண்டியது அவன்தான்.

ஆனால் என் கடிகாரத்தில் ஆறு நிமிடம். யானைகள் இருந்தால் ஒவ்வொரு மூவுக்கும் பத்து விஷயம் பார்க்க வேண்டும். யானையை மாற்றிவிட்டால் சுலபமாகிவிடும் என்று தோன்றியது. மாற்றினேன். ஆட்டத்தின் பெரிய தப்பு அதுதான் என்று நினைக்கிறேன், ராணியைத் தொட்டதைவிட.

காய் மாற்றுவது மீதி ஆட்டத்தையே வேறு ஆட்டமாக்கிவிடும். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்தின் 14-வது, கடைசி ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்ததில் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரென் 55-வது மூவில் யானையை எஃப்2-ல் வைத்து மாற்றலாம் என்றார். அவருடைய மந்திரி மூலையில் மாட்டியிருந்ததால், யானை மாறியதும் மந்திரியையும் மாற்றியாக வேண்டிய நிலை. மிஞ்சியது ராஜாவும் சிப்பாயும் மட்டுமான, குகேஷ் ஜெயிக்கிற முடிவாட்டம். 18 வயதுப் பையன் உலக சாம்பியன். அதை நேரலையில் பார்த்துவிட்டு, ‘யாராவது இப்படி மாற்றுவார்களா’ என்று கடையில் வந்தவர்களிடம் எல்லாம் பேசியவன் நான்.

என் கதை என்னவானது என்றால், அவன் மந்திரி டி4-ல் போய் உட்கார்ந்தது. என் ஒரு சிப்பாய் ஏ6-ல், அடுத்து ஏ7-க்குப் போக வேண்டும். இன்னொன்று சி4-ல், அடுத்து சி5. பலகையில் விரலை வைத்துப் பாருங்கள்: டி4, சி5, பி6, ஏ7 எல்லாம் ஒரே குறுக்குக் கோடு. ஒரு மந்திரி ஒரே இடத்தில் நின்றுகொண்டு இரண்டு சிப்பாயையும் கட்டிப்போட்டுவிட்டது. அவனுடைய ராஜா சாவகாசமாக மற்ற பக்கம் வேலை பார்க்க வந்தது. இ சிப்பாய்க்கு எஃப் சிப்பாய் போனது. என் ஜி சிப்பாய் அவனுடைய ஹெச் சிப்பாயை வெட்ட, அவன் ராஜா அதைத் திரும்ப எடுத்தது. அவனுக்கு ஜி5-ல் ஒரு சிப்பாய், எனக்கு ஹெச்3-ல் அதே பழைய சிப்பாய்.

தோற்றுவிட்டேன் என்று தெரிந்தபோது ஒரு பழைய பாடம் ஞாபகம் வந்தது. மந்திரியும் ஓரத்துச் சிப்பாயும் மட்டும் மீதியிருந்தால், அந்தச் சிப்பாய் ராணியாகும் மூலைக் கட்டம் மந்திரியின் நிறத்தில் இல்லாவிட்டால் ஜெயிக்க முடியாது. எதிர் ராஜா மூலையில் புகுந்துகொண்டால் அதை வெளியே இழுக்க வழியே கிடையாது. கறுப்புக்காரனுக்கு ஹெச் சிப்பாய் ராணியாவது ஹெச்1-ல், அது வெள்ளைக் கட்டம். அவன் மந்திரி கறுப்புக் கட்டத்தில் போவது. எனக்குப் புகலிடம் இருக்கிறது!

ஒரே ஒரு சிக்கல்தான். அவனிடம் இருப்பது ஹெச் சிப்பாய் இல்லை, ஜி சிப்பாய். ஜி சிப்பாய்க்கு இந்தச் சலுகை கிடையாது. (ஏ7-ல் அவனுக்கு ஒரு சிப்பாய் உயிரோடு இருந்திருந்தால் அதுவும் கதை முடிந்திருக்கும். ஏ1 கறுப்புக் கட்டம், மந்திரிக்குச் சரியான மூலை. நான் பேராசையில் சாப்பிட்ட சிப்பாய் அது.)

அப்படியானால் அவனுடைய ஜி சிப்பாயை ஹெச் வரிசைக்கு வரவழைக்க வேண்டும். அதற்கு வரிசை மாறி வெட்ட அவனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். கொடுக்க என்னிடம் இருந்தது ஒன்றுதான்.

ராஜாவை மூலைக்கு ஓட்டினேன். மூச்சு வாங்க மூவ் வேண்டியபோது சி5 தள்ளினேன், மந்திரி சாப்பிட்டது. ஏ7 தள்ளினேன், அதையும் சாப்பிட்டது. பிறகு மந்திரி பி8-க்குத் திரும்பியது. அவன் ராஜா ஜி3-ல் வந்து நின்றது. என் ராஜா ஹெச்1. அடுத்த மூவில் ஹெச்3 சிப்பாயையும் ராஜாவாலேயே எடுத்துவிடுவான். என் கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அவனுடையதில் ஐம்பத்து மூன்று நிமிடம்.

இரண்டு கையும் தொடைக்கு அடியில். ஒரு கையை மட்டும் எடுத்து ஹெச்4 வைத்தேன்.

அவனுக்கு வெட்ட இரண்டு வழி. ராஜாவால் வெட்டினால் ஜி சிப்பாய் ஜி வரிசையிலேயே இருக்கும், பத்துப் பதினைந்து மூவில் நான் காலி. சிப்பாயால் வெட்டினால் அது ஹெச் சிப்பாயாகிவிடும். ஐம்பத்து மூன்று நிமிடத்தில் ஐந்து விநாடி செலவழித்திருந்தால் போதும். ஹெச்4-ல் என் விரல் விலகுவதற்குள் அவன் கை வந்துவிட்டது. சிப்பாயால் வெட்டி, என் சிப்பாயைப் பக்கத்தில் வரிசையாக அடுக்கியிருந்த மற்ற காய்களோடு நேராக வைத்தான். அதை நேராக வைக்க எடுத்துக்கொண்ட நேரம், மூவுக்கு எடுத்துக்கொண்டதைவிட அதிகம்.

நான் ராஜா ஜி1. அவன் மந்திரி ஏ7, செக். நான் மறுபடி ஹெச்1. அவன் சிப்பாயை ஹெச்3-க்குத் தள்ளினான். அந்த ஹெச்3-க்கு.

இப்போது என் ராஜாவுக்கு செக் இல்லை, போக இடமும் இல்லை. ஜி1-ஐ மந்திரி பார்க்கிறது, ஹெச்2-ஐயும் ஜி2-ஐயும் அவன் ராஜா பார்க்கிறது. வேறு காயும் இல்லை. ஸ்டேல்மேட். எனக்குச் செஸ் சொல்லிக்கொடுத்த பெரியப்பா இருந்திருந்தால், ‘நகர முடியாதவன் எப்படி சமம் ஆவான்’ என்று பலகையைக் கவிழ்த்திருப்பார். அவர் கடைசிவரை ஸ்டேல்மேட்டை ஒப்புக்கொண்டதே இல்லை.

நான் கடிகாரத்தை நிறுத்தினேன். பையன் என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான். நான் தோல்வியை ஒப்புக்கொண்டதாக நினைத்துக் கையை நீட்டினான். “டிரா, தம்பி. ஸ்டேல்மேட்” என்றேன். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு என் ராஜாவைச் சுற்றி ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டுப் பார்த்தான். நடுவர் வந்து பார்த்துத் தலையாட்டினார். இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஆளுக்கு அரைப் புள்ளி.

பந்தி போடும் கூடத்தில் ஆடி முடித்தவர்களுக்காக நான்கைந்து பிளாஸ்டிக் விரிப்புப் பலகைகள் போட்டிருந்தார்கள். அவன் அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து தக்காளி சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். அவன் சாப்பிடவில்லை, கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு பலகையைக் காட்டி, “வாங்க அங்கிள், பாக்கலாம்” என்றான்.

முதலில் கேட்டது கடைசி நிலையைப் பற்றி இல்லை. டி5 இடத்துக்குத் திரும்பினான். “குதிரையால ஏன் வெட்டுனீங்க? பி7 சும்மாதானே இருந்துச்சு. ராணியால அத எடுத்திருந்தா எனக்கு ஒண்ணுமே இல்ல.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொட்ட தண்டனைக்காகப் பன்னிரண்டு நிமிடம் தேடிக் கண்டுபிடித்த அதே பி7, ஒரு மூவ் முன்னாடியே குதிரையை இழக்காமல் கிடைத்திருக்கும். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தபோது அதுவும் பையன் சொன்னதையே சொன்னது. இரண்டு சிப்பாய் சும்மா கிடந்தன, நான் பொறி வைத்த சிப்பாயைத் தேர்ந்தெடுத்தேன்.

“நீ ஏன் யோசிக்காம சிப்பாயால வெட்டுன?” என்று நானும் கேட்டேன்.

“மந்திரி இருக்குல்ல, எப்படியும் ஜெயிச்சிருவேன்னு நெனச்சேன்.”

டீ குடிக்கப் போன பதினொரு நிமிடம் ஞாபகம் வந்தது. அதைப் பற்றி அவனிடம் எதுவும் சொல்லவில்லை. மூலைக் கட்டத்தின் நிறத்தை மட்டும் காட்டினேன். ஹெச்1 வெள்ளை, உன் மந்திரி கறுப்பு. அவன் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான். உடனே பலகையின் இடது மூலையைக் காட்டி, “அப்ப ஏ சிப்பாய் இருந்திருந்தா ஜெயிச்சிருப்பேன், அதானே?” என்றான். எனக்கு அது புரிய ஒரு முழு ஆட்டம் தேவைப்பட்டது.

அப்புறம் காய்களை மறுபடி அடுக்கினான். என் ராஜா ஹெச்1, அவன் ராஜா ஜி3, மந்திரி பி8, சிப்பாய் ஜி5. ஹெச்4-ல் என் சிப்பாயை அவனே வைத்தான். “இப்ப நான் ராஜாவால எடுக்கறேன். நீங்க ஆடுங்க.”

ஆடினேன். கடிகாரம் இல்லாமல், ஒவ்வொரு மூவுக்கும் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாக ஆடினான். சிப்பாய் ராணியானது. இன்னும் சில மூவில் மேட். காய்களைப் பையில் போட்டுவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தக்காளி சாதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு காலை ஆட்ட ஆரம்பித்தான்.